வாசல் வரைக்கும்

பெரிய கம்பெனிகளையே மிரளவைத்த ஒரு சின்னக் கார் கம்பெனி, ஐம்பதாவது காரைச் செய்து முடித்த அன்று நொடித்துப்போனது. அந்தக் காரை ஏற்றிப்போகப் பழைய இரும்புக்கடை லாரி வந்தது.

“ஏறுடா பொடியா. கம்பெனியே கவிழ்ந்துபோச்சு, உனக்கென்ன இன்னும் வீராப்பு?” என்றது லாரி.

“என் அண்ணன்மார் நாற்பத்தொன்பது பேரும் இந்த வாசலை ஓடித்தான் கடந்தாங்க. ஒருத்தர்கூட லாரி முதுகுல போகலை.”

“உன் டேங்க்ல ஒரு டம்ளர் பெட்ரோல்கூட இல்லையேடா!”

“அரை டம்ளர் இருக்கு. வாசல் பக்கத்துலதானே.”

கார் இருமியது, செருமியது, கிளம்பியது. வேலையிழந்து நின்றவர்கள் விலகி வழிவிட்டுக் கைதட்டினார்கள். வாசலைத் தாண்டிப் பத்தடியில் அது நின்றுபோனது.

“இப்ப ஏத்திக்கோ அண்ணே.”

லாரி பலகையை மெதுவாக இறக்கியது.

“ஏறுங்க தம்பி.”