தட்டின் ஓரம்

தமயந்தி வீட்டில் அன்று தாய்லாந்து சூப். கடையிலிருந்து வந்த எலுமிச்சைப்புல், சமையல் மேடையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

"நான் இல்லேன்னா இந்த சூப் வெறும் புளிப்புத் தண்ணி" என்றது.

"சந்தோஷம்" என்றது பக்கத்தில் கிடந்த கறிவேப்பிலை.

"உங்களுக்கு இதுல வேலையே இல்ல."

"கேள்விப்பட்டேன்."

தமயந்தி எலுமிச்சைப்புல்லை நசுக்கி, இஞ்சித் துண்டு, மிளகாய், இறாலோடு கொதிக்கவிட்டாள். வீடே மணத்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்கி, ருசி பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. எண்ணெயைக் காயவைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினாள்.

சூப்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தான் அவள் புருஷன். "என்ன வாசனை!" என்று சொல்லிக்கொண்டே கறிவேப்பிலையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். அடுத்த வாயில் எலுமிச்சைப்புல்லும் அங்கே வந்து விழுந்தது.

அது கொஞ்ச நேரம் காத்திருந்தது.

"நம்மள எப்ப சாப்பிடுவாங்க?" என்று கேட்டது.

"கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கோ தம்பி" என்றது கறிவேப்பிலை. "இஞ்சி வரும்."