வேலிப் பொட்டு

"இன்னும் ஒரு வரி கல் வையுங்கோ, மேசன் அண்ணை. அந்தத் தகரத்துக்குச் சரிமட்டமாய் வரவேணும்."

றெஜினா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். செபநாயகம் மேசன் சாந்தை அள்ளிக் கல்லில் அப்பினார்.

"எனக்கென்ன, வைக்கிறன். ஆனால் தங்கச்சி, ஷெரோன் கொழும்பாலை வந்து உந்த மதிலைப் பார்த்தா என்ன சொல்லுவா?"

"என்னத்தைச் சொல்லுறது? வேலிப் பொட்டை முதல் அடைச்சது ஆர்? நானோ?"

மேசன் அடுத்த கல்லை எடுத்தார்.

அரியாலையில் அக்கா றெஜினா, தங்கை ஷெரோன் இருவரின் வீட்டு வளவுகளும் ஒட்டியபடி இருந்தன. நடுவில் பனையோலை வேலி. அந்த வேலியில் ஒரு ஆள் குனிந்து போய்வர ஒரு பொட்டு. கறிச்சட்டி, தேங்காய்ப் பாதி, காய்ச்சல் குளிசை, சின்னச் சின்னச் சண்டை எல்லாம் அதனூடாகத்தான் போய்வந்தன. றெஜினாவின் மகன் ஜெரிசன் நடக்கப் பழகியதே அந்தப் பொட்டைத் தாண்டத்தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளை இல்லாத ஷெரோன் அவனைத் தரையில் விடமாட்டாள்.

பிரான்சிலிருந்து வந்த ஷெரோனின் கணவன் கொலின்ஸ் பின்வளவில் நீச்சல் குளம் வெட்டத் தொடங்கினான். அதோடு வந்தது வினை.

"அக்கா, பொட்டை அடைக்கப் போறன். ஜெரிசன் இனி இஞ்சாலை வரக் கூடாது."

ஒருநாள் ஷெரோன் தகரமும் கையுமாய் நின்று வேலிக்கு மேலால் சொன்னாள். அந்தச் சொல்லோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தியவள்தான் றெஜினா. பிறகு தங்கையின் போனை எடுக்கவில்லை. படலையில் வந்து கூப்பிட்டபோதும் திறக்கவில்லை. கோயிலில் பூசைக்குப் போனால் வேறு வாங்கில் போய் இருந்தாள். நத்தாருக்குப் பலகாரத் தட்டும் போகவில்லை.

"ஒருக்கா அவளோடை கதையனப்பா" என்று கணவன் லெனாட் கெஞ்சினான்.

"என்னத்தைக் கதைக்கிறது? அவையின்ரை மாபிள் கல்லிலை என்ரை பிள்ளையின்ரை மண்கால் படக் கூடாதாம். அவள் தகரம் அடிச்சால் நான் மதில் கட்டுவன்!"

ஷெரோன் இல்லாத நாளாகப் பார்த்துக் கட்டவும் தொடங்கிவிட்டாள்.

"உங்கடை மதில் எனக்குச் சும்மா விளையாட்டு, தங்கச்சி" என்றார் மேசன், கடைசி வரியை வைத்தபடி. "அங்கை குளத்தைச் சுத்திப் போட்ட இரும்பு வேலிதான் என்ரை உயிரை எடுத்தது."

"அதுக்கு வேறை வேலியோ?"

"ஓம்! கம்பிக்கும் கம்பிக்கும் இடையிலை ஒரு தலை பூரக் கூடாதாம். கால் வைச்சு ஏறக் குறுக்குக் கம்பி கூடாதாம். பக்கத்திலை நிண்ட கொய்யாவையும் தறிச்சாச்சு. கொப்பிலை ஏறி உள்ளை குதிக்கலாமாம். படலையைத் திறந்து விட்டால் தானாய்ச் சாத்தவேணுமாம். நான் பேசாமல் குளத்துக்கு ஒரு மூடி போடுங்கோவன் எண்டு சொன்னன்."

"பிள்ளை குட்டி இல்லாத வீட்டிலை ஆரின்ரை தலையாம் பூரப் போகுது?"

சொன்ன கணமே றெஜினாவுக்கு நாக்குச் சுட்டது. ஆனாலும் முகத்தை விறைப்பாகவே வைத்துக்கொண்டாள்.

"நானும் ஷெரோனைக் கேட்டனான். சிரிச்சுப்போட்டுப் போயிட்டா. வேலி முடிஞ்ச கையோடை ரெண்டுபேரும் கொழும்புக்கு ரெயின் ஏறினவை. இனி என்னத்தை வாங்கவோ!"

மதில் முடிந்தது. மேசன் கைகாலைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அதில் கட்டியிருந்த ஒரு தடியைக் கண்டதும் தலையில் கைவைத்தார்.

"அட, உந்தத் தடியைத் திருப்பிக் குடுக்க மறந்துபோனன். ஷெரோன் பத்திரமாய்க் கொண்டுவரச் சொன்னவ. பொட்டிருந்தால் உதாலை உள்ளை வைச்சிருக்கலாம். இனி றோட்டாலை சுத்தவேணும்."

"என்ன தடி அது?"

"படலைக் கொக்கிக்கு அளவு. தடியிலை உந்த மேல்வெட்டு உயரத்து ஆள் நிண்டு கையை உயர்த்தி எம்பினாலும் கொக்கி எட்டக் கூடாதெண்டு சொன்னவ."

றெஜினா தடியை வாங்கினாள். பொட்டின் ஓரத்தில் வேலிக்கு நட்டிருந்த பூவரசங் கதியால் அது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தி வெட்டுகள். அடியிலிருந்த வெட்டை அவளுக்கு மறக்குமா? அன்றைக்கு உயரம் பார்க்க அவள்தான் ஜெரிசனைக் கதியாலோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "ஆடாமல் பிடி அக்கா, குள்ளனாக்கிப் போடாதை" என்று சிரித்துக்கொண்டு வெட்டியவள் ஷெரோன். பிறகு பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஒரு வெட்டு.

மேல்வெட்டைத் தடவிய அவளுடைய விரல் அதிலேயே நின்றுவிட்டது.

அடுத்த வளவில் ஓட்டோ வந்து நின்றது. யாரோ ஓடிவரும் காலடி. தகரத்திலிருந்து ஆணி கழறும் கிரீச்.

"ஜெரிசன்! சின்னம்மா வந்திட்டன். உனக்கு மிதக்கிற சட்டை வாங்கியந்தனான், ஓடி வா! அக்கா, அண்டைக்கு நான் சொல்லி முடிக்க முதலே உள்ளை போயிட்டாய். குளத்துக்கு வேலி போடுமட்டும்தான் பொட்டை அடைக்கிறன் எண்டெல்லே சொல்ல வந்தனான்!"

தகரம் பெயர்ந்து விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து பாய்ந்து வந்து, பழகிய இடத்தில் பழகியபடியே குனிந்த ஜெரிசன், காயாத சீமெந்தில் இரண்டு கைகளையும் வைத்தபடி தாயைத் திரும்பிப் பார்த்தான்.