தம்பிதுரை கண்ட நிலா

“அந்த ஆடியோவ நாளைக்கு ஹால்ல போட்டுறாதீங்க சார்! முழுசாக் கேட்டுப்போட்டேன்.”

உமர் பாரூக் தூக்கம் கலைந்து, போனைக் காதில் வைத்தபடியே எழுந்து உட்கார்ந்தார். அவர் நடத்தும் வானியல் குழுவில் பிரவீனாதான் கடைக்குட்டி. பெருந்துறையில் பிளஸ் ஒன் படிக்கிறாள்.

“ஏன் அம்மணி, மணி என்னாச்சு? அம்மா எங்க?”

“தூங்குறாங்க. நான் மாடியில நிக்கறேன். பயமா இருக்குதுங்க சார்.”

“பயப்பட என்ன இருக்குது? வானத்துல சுத்தற ஒரு சிறுகோளுக்கு நம்ம தம்பிதுரை அண்ணன் பேரு! அதக் கண்டுபிடிச்ச வெளிநாட்டுக்காரரே சரின்னுட்டாரு. நாளைக்கு ஆர்.எஸ்.புரத்துல விழா முடிஞ்சதும் பரிந்துரை போயிரும். அவரு சம்சாரம் நாச்சியம்மாக்கா புருசன் குரலைக் கேக்கோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. போடாம எப்படி?”

போன மாதம் அந்தச் சிறுகோள் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே கடந்தது. நட்சத்திரம் எப்போது மறைகிறது, எப்போது மீள்கிறது என்று குறிக்க, குழுவினர் ஊருக்கு ஒருவராக டெலஸ்கோப்புடன் காத்திருந்தார்கள். தம்பிதுரை தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்பில் தனியாக இருந்தார். கண்ணால் பார்த்து, பார்த்ததைப் போனில் பேசிப் பதிவு செய்வது அவர் வழக்கம். மற்றவர்களுக்கு ஒருமுறை மறைந்த நட்சத்திரம் அவருக்கு மட்டும் இரண்டு முறை மறைந்தது. சிறுகோளுக்கு ஒரு குட்டி நிலா இருக்கிறது!

விடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

“எங்க மாடியில ஒருக்காத்தான் மறைஞ்சுதுங்க சார்.”

“நிலாவோட நெழலு சின்னது. அந்தத் தோப்புப் பக்கம் மட்டும் விழுந்திருக்கும். இதுக்கா இந்நேரத்துல போனு?”

“நட்சத்திரம் மலைக்கு மேல ரொம்பத் தாழ்வா இருந்துச்சுங்களே. தம்பிதுரை மாமா தோப்புல ஒரு லைட் விடாம அணைச்சுப்போட்டாருங்களே.”

“அணைக்காம? லைட்டப் போட்டுக்கிட்டு கல்யாணமா பண்ணுவாங்க?”

அவள் சிரிக்கவில்லை. அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

“சரி, சொல்லு கண்ணு. அக்கா குடுத்த அவரு போன்ல இருந்து நீ எனக்கு வெட்டி அனுப்புன துண்டுல, ரெண்டாந்தடவ மறைஞ்சப்ப ‘போச்சு, வந்துருச்சு, நிலா’ன்னு சொல்றாரு. மிச்சத்துல என்ன? வலியில கத்தறாரா?”

“இல்லீங்க. சிரிக்கறாரு. ‘நம்ம கோயமுத்தூருக்கு ஒரு நிலா கண்ணு, எழுதிக்க’ன்னு எங்கிட்டச் சொல்ற மாதிரியே சொல்றாரு.”

“அப்புறம் என்ன? அந்தச் சந்தோசத்தோட போனாருன்னுதான் அக்கா மனசத் தேத்திக்கறாங்க. அண்ணன் உசுரு போனதே விடியக்காலையில, சாமானெல்லாம் கட்டறப்பன்னுதானே சொன்னாங்க?”

“நாச்சியம்மா அத்தை தெனமும் எனக்குப் போன் பண்றாங்க சார். அந்த நிலா எந்தப் பக்கம் இருக்குதுன்னு கேக்கறாங்க. அந்தப் பக்கம் பாத்துத்தான் வெளக்கு வெக்கறாங்களாம்.” மூக்கை உறிஞ்சினாள். “ஆடியோவுல சிரிச்சு முடிச்சுட்டு, மூணாந்தடவையா ‘மறுபடியும் போச்சு’ங்கறாரு. அப்புறம் ‘பக்கத்துல இருக்கற நட்சத்திரமெல்லாம் சேந்து போச்சே, மேகமா?’ங்கறாரு.”

உமர் பாரூக் போனை இறுகப் பிடித்தார். அத்தனை தூரத்துக் கல் ஒரு நட்சத்திரத்தைத்தான் மறைக்கும். அக்கம்பக்கத்து நட்சத்திரங்களை எல்லாம் சேர்த்து மறைக்காது.

“அப்புறம் தென்னமட்டை முறியற சத்தம். பெருமூச்சு. அது மாமா மூச்சு இல்லீங்க சார்.”

“அம்மணி...”

“ரெண்டாவது தடவ மறைச்சது நிலா இல்லீங்க. டெலஸ்கோப்புக்கு முன்னால குறுக்க நடந்த யானை. அவர அடிச்ச அதே யானைங்க. நாளைக்கு அத்தை என்ற கையப் புடிச்சுக்கிட்டு ‘உங்க மாமனோட நிலா எங்க கண்ணு’ன்னு கேட்டா, நான் எந்தப் பக்கம் கை காட்டட்டுங்க சார்?”