ஹிட் விழாத வரைக்கும்

ஏழாவது இன்னிங்ஸை முடித்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் பக்கம் நாலு பேர் உட்காரும் இடம் காலி. அந்தப் பக்கமும் காலி.

ஒருவனும் என் பக்கம் திரும்பவில்லை. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் தரையில் துப்பிக்கொண்டு, ஆளாளுக்கு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிரணியில் ஒருவனும் இன்னும் என் பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் பேஸைத் தொடவில்லை, ஒரு ஹிட் கூட இல்லை. ஒன்பது இன்னிங்ஸும் இப்படியே முடிந்தால் பேஸ்பால் உள்ளவரை என் பெயர் நிற்கும். பந்து வீசும் பெரிய பெரிய பிட்சர்களுக்கே வாய்க்காமல் போன விஷயம்.

அப்படி ஒருவன் வீசிக்கொண்டிருக்கும்போது அவனிடம் யாரும் பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது. 'ஹிட் விழவில்லை' என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த பந்திலேயே ஹிட் விழும். எவன் கிளப்பிவிட்டது என்று தெரியாது. கல்லூரியில் கணக்குப் படித்துவிட்டு வந்தவன்கூட இதற்கு மட்டும் பயப்படுவான்.

தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சற்று முன்பு நான் தனியாக உட்கார்ந்திருந்ததை மறுபடி மறுபடி காட்டினார்கள். வர்ணனையாளருக்குக் குரல் தழுதழுத்தது.

"பாத்தீங்களா, வெர்ன் ஹாஸ்கெட் பக்கத்துல ஒரு ஈ காக்கா கிடையாது. புள்ளைக்குக் கண்ணு பட்டுடக் கூடாதுன்னு என்ன கட்டுப்பாடு பாருங்க! டீம்னா இப்படி இருக்கணும்யா!"

சிரித்ததில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

எனக்குப் பெயர்கூடப் பெரிதில்லை. கடைசி ஆளை அவுட்டாக்கியதும் அணி மொத்தமும் ஓடிவந்து பிட்சர் மேல் விழுந்து கட்டிக்கொள்ளும். அதுவும் வழக்கம்தான். நாடே பார்த்துக்கொண்டிருக்கும், ஒருவனும் நழுவ முடியாது. லெஃப்ட் ஃபீல்டில் நிற்கிற கோர்மன் உட்பட. அந்த நிமிஷம் அவன் மூஞ்சியைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். அதற்காகவே வீசினேன்.

எட்டாவது இன்னிங்ஸில் முதல் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். எந்த மாதிரிப் பந்து என்று கேட்சர் டூலி விரலைக் காட்டுவான், நான் தலையாட்டுவேன். பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை.

மூன்றாவதாக வந்தவன் ஒல்லிப் பயல். அவன் கையை ஒட்டி உள்ளே போட்டேன். மட்டை இரண்டாக உடைந்தது. நல்ல பந்து. யார் கேட்டாலும் சொல்வேன், அது நல்ல பந்து.

உடைந்த மட்டையில் பட்ட பந்து சோம்பேறித்தனமாக எழும்பி லெஃப்ட் ஃபீல்டுக்குப் போனது. கோர்மன் தலைதெறிக்க ஓடிவந்து பாய்ந்தான். பொய் சொல்ல மாட்டேன், உயிரைக் கொடுத்துத்தான் பாய்ந்தான். அவன் கையுறைக்கு ஒரு சாண் முன்னால் பந்து புல்லில் விழுந்தது. ஹிட்.

மைதானமே எழுந்து நின்று எனக்குக் கை தட்டியது. முன்பின் தெரியாத ஜனங்கள்.

டூலி வேறொரு பந்தை என்னிடம் விட்டெறிந்தான். அடுத்தவனை அவுட்டாக்கி இன்னிங்ஸை முடித்துவிட்டு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

இனிமேல் தடை எதுவும் இல்லை. இப்படிக் கைக்கு எட்டியது நழுவிப்போன பிட்சரைச் சுற்றி எல்லாரும் வந்து உட்காருவார்கள். தோளைத் தட்டுவார்கள். அடித்தவனின் பரம்பரையையே திட்டுவார்கள்.

"ஹிட்டு விழுந்தாச்சுடா. இனிமே பேசினா ஒண்ணும் ஆயிடாது," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

யாரோ விதைத் தோலைத் துப்பினார்கள்.

பேச மாட்டார்கள். இரண்டு வருஷமாகவே என்னிடம் பேசுவதில்லை. பக்கத்தில் உட்காருவதும் இல்லை. இன்று ஒரு நாள்தான் அது மரியாதை மாதிரி தெரிந்தது.

அந்த வருஷம் ஆட்டக்காரர்கள் எல்லாரும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். முதலாளிகள் வெளியிலிருந்து ஆள் பிடித்தார்கள். சின்ன லீகுகளில் தேய்ந்து முடித்து, ஆர்கன்சாவில் வீடுகளுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த எனக்கும் போன் வந்தது. கோர்மனும் மற்றவர்களும் வெளியே நின்றபோது, உள்ளே போய் அவர்கள் அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு வீசினேன். வேலைநிறுத்தம் முடிந்ததும் என்னோடு வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வீசிய வீச்சுக்கு என்னை அனுப்ப முடியவில்லை.

கண்ணீர்க் கதை ஒன்றும் என்னிடம் கிடையாது. பெண்டாட்டிக்கு வியாதி இல்லை, வீடு ஏலத்துக்குப் போகவில்லை. வீச ஆசை. கூப்பிட்டார்கள், போனேன். நாளைக்குக் கூப்பிட்டாலும் போவேன். இவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

மேனேஜர் வந்தார். என்னிடம் பேசுவது அவருடைய வேலை.

"கை எப்படி இருக்கு? வேற ஆளப் போட்டுடட்டுமா?"

"கைக்கு ஒண்ணும் இல்ல. பந்த எவன்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

ஒன்பதாவதையும் நானே வீசி முடித்தேன். ஜெயித்தோம்.

ஜெயித்த அணி வரிசையாக நிற்கும். ஒருவர் கையில் ஒருவர் தட்டிக்கொண்டே நகர வேண்டும். நான் கையை நீட்டினேன். டூலி தொப்பியைச் சரிசெய்தான். அடுத்தவன் ஷூ கயிற்றுக்குக் குனிந்தான். கோர்மனின் முழங்கையெல்லாம் புல்கறை. அவன் மட்டும் என் கண்ணை நேராகப் பார்த்தான், கையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. ஒருவரையும் விடாமல் கடைசி ஆள் வரைக்கும் கையை நீட்டிக்கொண்டே போனேன்.

வரிசை முடிந்தது. திரும்பி வந்து டூலியிடமிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.