போயிட்டு வாங்க

வத்சலா வீட்டில் பூனைக்குட்டிகளுக்குப் பெயர் கிடையாது. தெருவில் கிடக்கும் குட்டிகளைத் தூக்கிவந்து இங்க் பில்லரில் பால் புகட்டி வளர்ப்பாள். வளர்க்கக் கேட்டு ஆள் வந்ததும் கூடையில் வைத்து, "போ" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவாள். "போயிட்டு வா" என்று எந்தக் குட்டியிடமும் சொன்னதில்லை. மனிதர்களுக்கு அது வெறும் பேச்சு. குட்டிகள் நம்பிவிடும்.

இருபத்தாறாவதாக வந்த சாம்பல் நிறக் குட்டி ஒரு மாதம் முழுக்க அவள் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. அதைக் கூடையோடு வாங்கிக்கொண்ட ரெஜினா, படியிறங்கும்போது "போயிட்டு வரோம்க்கா" என்றாள். "போயிட்டு வாங்க" என்றாள் வத்சலா. அந்த 'வாங்க'வில் கூடைக்குள் இருந்ததும் சேர்த்திதான் என்பது, அவர்கள் தெருமுனையில் மறைந்த பிறகே அவளுக்கு உறைத்தது.

மறுநாள் மதியம் ரெஜினா போன் செய்தாள். "நல்லா சாப்பிடுதுக்கா, தூங்குது. ஆனா விருந்தாளி மாதிரியே இருக்கு. வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு."

"போனை அது காதுல வைம்மா."

சொல்ல வேண்டியது ஒரே ஓர் எழுத்து. மறுமுனையில் குட்டியின் கர்ர்ர் சத்தம் தூரத்து மழைபோல வந்துகொண்டிருந்தது. கேட்கக் கேட்க வத்சலாவின் கழுத்தில், அது படுத்திருந்த இடம் மட்டும் கதகதத்தது.

"என்னக்கா சொன்னீங்க அதுகிட்ட? எந்திரிச்சுப் போய் கதவைப் பிறாண்டுது!"

வத்சலா வாயே திறக்கவில்லை. எப்போது எழுந்து வந்தாளோ, தன் வீட்டு வாசல் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தாள்.