விரல் தண்டி

இரண்டு அரசுப் பள்ளிகளுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. இந்தப் பக்கம் ஊர்ப் பிள்ளைகள் படித்தார்கள், அந்தப் பக்கம் காலனிப் பிள்ளைகள். மாவட்டப் பள்ளிகளுக்கெல்லாம் புதிதாக இணையக் கேபிள் இழுக்கப் போகிறார்கள் என்று அளவெடுக்க வந்த தமயந்தி, சுவரில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள்.

“இங்க ஒரு ஓட்டை போடணும் சார். விரல் தண்டிதான்.”

இந்தப் பக்கத்துத் தலைமையாசிரியர் நமச்சிவாயம் வட்டத்தையே பார்த்தார். “செவுத்துல கை வைக்காதீங்கம்மா. ஊருக்கு நான் பதில் சொல்ல முடியாது. சுத்திக் கொண்டு போங்க.”

“சுத்தினா அவ்வளவு தூரத்துக்குக் கேபிள் தாங்காது சார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் நெட் கிடைக்காது.”

“அதனால என்ன? அவங்க அடுத்த வருஷம் வாங்கிக்கட்டும்.”

தமயந்தி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். சொல்லும்போது குரலில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தாள்.

“மெயின் லைன் காலனித் தெருவுல வருது சார். அங்கேருந்துதான் உங்களுக்கு வரணும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நமச்சிவாயம் குனிந்து, சுண்டுவிரலை வட்டத்துக்குள் வைத்துப் பார்த்தார்.

“இதைவிடச் சின்னதாப் போட முடியாதாம்மா?”