கமலத்தின் வாக்குமூலம்

"எலி வளையை எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?"

துர்காவுக்குத் தெரியவில்லை. எலி வெட்டிப் பிழைத்தது தன்னோடு போகட்டும் என்று அப்பா சின்னக்கண்ணு அவளை வயல் பக்கமே விட்டதில்லை. பாம்பு பிடிப்பதைப் பற்றிக் கேட்டதற்கு, பயம் சார் என்றாள்.

மானிடவியல் ஆய்வாளர் ரங்கசாமி பேனாவை மூடினார். இவள் இருளர்தானா என்று விசாரித்து அறிக்கை தரத்தான் அவரைச் சேவூருக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் நர்சிங் சீட் கைநழுவிவிடும். முன்பு வந்த அதிகாரியோ, 'ஊரோடு ஒட்டிப் பழகுகிறாள், பழங்குடி மாதிரித் தெரியவில்லை' என்று எழுதி விண்ணப்பத்தைத் திருப்பியிருந்தார்.

அக்கம்பக்கத்தில் விசாரிப்பது ஒன்றுதான் பாக்கி. துர்காவை ஜீப் அருகே நிற்கச் சொல்லிவிட்டு, நெசவாளர் தெருவின் முதல் வீட்டுக்குள் போனார். தறியில் உட்கார்ந்திருந்த கமலம் எழுந்திருக்கவில்லை.

"இருளப் பொண்ணுதான் சார். இதுல இன்னா சந்தேகம்?"

"எப்படிச் சொல்றீங்க?"

"நாங்க உள்ள சேக்கறதில்லியே. எதுன்னாலும் வாசல்ல நின்னு கேட்டுகினு போவா. தண்ணிகூட கையிலதான் ஊத்துவோம்."

இதைச் சொல்ல ஒரு கூச்சமும் இல்லை பாரேன், என்று ரங்கசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி நடத்துவது குற்றம், எழுதிக்கொண்டால் கேஸ் ஆகும், ஜெயில் வரைக்கும் போகும் என்றார்.

கமலத்தின் கையில் தறி நாடா நின்றது. சற்று யோசித்தாள்.

"எழுதிக்கோங்க சார். கையெழுத்து எங்க போடணும்?"

ஜீப்பில் ஏறியதும், 'இருளர் என்பதில் ஐயமில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார். இருபது வருஷ சர்வீசில் ஓர் அறிக்கையை இத்தனை கசப்போடு எழுதியதில்லை.

"சான்றிதழ் வந்துடும்மா. ஆனா அந்த முதல் வீட்டு வாசலை மட்டும் மிதிக்காதே. மனுஷங்களா அவங்க?"

துர்கா திருதிருவென விழித்தாள்.

"யாரு, கமலம் அத்தையா? எங்கம்மா செத்த அன்னிலருந்து நான் சாப்புடறது, படுக்கறது எல்லாம் அங்கதான் சார்."

கோப்பிலிருந்து கமலம் கையெழுத்திட்ட தாளை மட்டும் உருவி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வண்டியை எடுப்பா" என்றார் ரங்கசாமி.